சரித்திரப் போர் விளையாட்டுகளும் பெற்றோர் கடமையும்

வரலாற்றைக் களமாகக் கொண்ட கணினி விளையாட்டுகள் இன்று நகரத்து இல்லங்களில் மட்டுமன்றிச் சிற்றூர்களிலும் இடம்பெற்று வருகின்றன. வகுப்பறையில் சரித்திரப் பாடத்தை வேண்டா வெறுப்பாகக் கேட்கும் சிறுவன், வீட்டில் திரையின் முன் அமர்ந்ததும் மங்கோலியரின் குதிரைப்படையைப் பற்றியும் பைசாந்தியரின் மதில்களைப் பற்றியும் ஓயாது பேசுகிறான். பெற்றோருள் சிலர் இதுகண்டு மகிழ்கின்றனர், சிலர் அஞ்சுகின்றனர், பலர் இன்னது செய்வதென்று அறியாது பள்ளி ஆசிரியரையும், ஊருக்கு வரும் விரிவாக்கப் பணியாளரையும் அணுகி யோசனை கேட்கின்றனர்.

இவ்வினாவுக்கு வழக்கமாக இரு விடைகள் கூறப்படுகின்றன. விளையாட்டை அடியோடு விலக்கிவிடுக என்பது ஒன்று. பிள்ளை தெருவில் அலையாமல் வீட்டிலேயே இருக்கிறான் என்று மனநிறைவு கொண்டு வாளாவிருப்பது மற்றொன்று. முன்னதனால் பிள்ளை ஒளித்து ஆடக் கற்றுக்கொள்கிறான். பின்னதனால், கடந்த காலத்தைப் பற்றிய அவனது முதற் கருத்துகளைப் பெற்றோரும் ஆசிரியரும் அறியாமலேயே விளையாட்டின் விதிகள் வகுத்துவிடுகின்றன. இவ்விரண்டினும் சிறந்த வழி ஒன்றுண்டு. விளையாட்டு எவ்வாறு அமைந்துள்ளது, எதைச் சரிவரக் காட்டுகிறது, எதை விட்டுவிடுகிறது என்பவற்றை அறிந்த பெரியவர் ஒருவர் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து வினாக்களை எழுப்புதலே அவ்வழியாகும். அதற்கு வேண்டிய செய்திகள் இங்குத் தொகுத்துக் கூறப்படுகின்றன.

நிகழ்நேர விளையாட்டு யாது?

சதுரங்கத்தில் ஒருவர் காயை நகர்த்திய பின்னரே மற்றவர் நகர்த்துகிறார். சிந்திப்பதற்கு இடைவேளை உண்டு. நிகழ்நேர உத்தி விளையாட்டில் அவ்விடைவேளை இல்லை. ஆடுவோர் அனைவரும் ஒரே சமயத்தில் தத்தம் காரியங்களைச் செய்கின்றனர். ஒருவர் யோசித்துக் கொண்டிருக்கும்போதே எதிரியின் வயல் விளைகிறது; எதிரியின் படையும் நடக்கிறது. பொருள் சேர்த்தல், கட்டடம் எழுப்புதல், படை திரட்டுதல், போரிடுதல் ஆகிய நான்கையும் ஒருங்கே கவனிக்க வேண்டியிருப்பதே இவ்வகையின் சிறப்பியல்பாகும்.

போரை மேசைமீது ஆடிப் பார்க்கும் பழக்கம் புதியதன்று. பிரஷ்ய ராணுவ அதிகாரியான ரைஸ்விட்ஸ் என்பவர், தேசப்படம், சிறு துண்டுகள், பகடை ஆகியவற்றைக் கொண்டு ஆடும் போர் விளையாட்டு ஒன்றை 1824-ஆம் ஆண்டில் தம் படைத் தலைமையின் முன் ஆடிக் காட்டினார். அது அதிகாரிகளின் பயிற்சிக்கு ஏற்றதென ஒப்புக்கொள்ளப்பட்டது. கணினியில் இன்றுள்ள அமைப்பை வகுத்துக் கொடுத்தது 1992-இல் வெளிவந்த 'டியூன் 2' என்னும் விளையாட்டு. அதன் களம் கற்பனைக் கிரகம் ஒன்று. அவ்வமைப்பை மனித வரலாற்றுக்குப் பொருத்தி வெற்றி கண்டது, அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்து என்செம்பிள் ஸ்டூடியோஸ் நிறுவனம் 1997-இல் உருவாக்கிய 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' ஆகும். இடைக்காலத்தைக் களமாகக் கொண்ட அதன் இரண்டாம் பாகம் 1999-இல் வெளிவந்தது. 2019-இல் புதுப்பிக்கப்பட்ட அதன் பதிப்பை இன்றும் சிறுவர் விரும்பி ஆடுகின்றனர். நான்காம் பாகம் 2021-இல் வெளியாயிற்று.

இவற்றையன்றி, 16-ஆம் நூற்றாண்டு ஜப்பானைக் காட்டும் 'ஷோகன்: டோட்டல் வார்' 2000-இலும், பண்டைக் காலம் முதல் தற்காலம் வரை செல்லும் 'ரைஸ் ஆஃப் நேஷன்ஸ்' 2003-இலும் வெளிவந்தன. உலகெங்குமுள்ள ஆர்வலர் கூடி உருவாக்கி, கட்டணமின்றி வழங்கும் '0 ஏ.டி.' என்னும் விளையாட்டும் உண்டு. இதில் மௌரியர், ரோமானியர், பாரசீகர் முதலியோர் இடம்பெறுகின்றனர். வசதி குறைந்த பள்ளிகளுக்கும் குடும்பங்களுக்கும் இது ஏற்றது.

ஆட்டத்தின் கணக்கு

விளையாட்டை ஆடாத பெரியவரும் அதன் கணக்கை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் பாகத்தை எடுத்துக்கொள்வோம். வழக்கமான ஆட்டத் தொடக்கத்தில் ஒரு நகர மன்றமும், மூன்று கிராமவாசிகளும், ஓர் ஒற்றனும் இருப்பர். கையிருப்பாக 200 உணவு, 200 மரம், 100 பொன், 200 கல் தரப்படும். மற்றொரு கிராமவாசியைப் பெறுவதற்கு 50 உணவும் 25 விநாடியும் செலவாகும். இருண்ட காலம், நிலமானியக் காலம், கோட்டைக் காலம், பேரரசுக் காலம் என நான்கு படிகள் உள்ளன. முதற் படியினின்று இரண்டாம் படிக்கு ஏற 500 உணவு வேண்டும். அடுத்ததற்கு 800 உணவும் 200 பொன்னும், இறுதிப் படிக்கு 1,000 உணவும் 800 பொன்னும் வேண்டும்.

இருக்கும் உணவை இன்னும் உழைப்பாளரைப் பெறுவதற்குச் செலவிடுவதா, வீரரைப் பெறுவதற்குச் செலவிடுவதா, அடுத்த காலத்துக்கு ஏறுவதற்குச் சேமிப்பதா என்பதே ஆடுவோர் ஒவ்வொரு நிமிடமும் எதிர்கொள்ளும் சிக்கலாகும். விதைநெல்லைக் குத்தித் தின்பவன் மறு ஆண்டு பட்டினி கிடப்பான் என்னும் உண்மையை அச்சிக்கல் சிறுவனுக்குப் புலப்படுத்துகிறது. போர்க்களத்திலும் ஒன்றை வெல்ல மற்றொன்று எனும் விதி உண்டு. ஈட்டி வீரர் குதிரைப்படையைத் தடுப்பர். குதிரைப்படை வில்லாளரை வீழ்த்தும். வில்லாளர் ஈட்டி வீரரைத் தொலைவிலிருந்தே அழிப்பர். எல்லாவற்றையும் வெல்லும் படை எதுவுமில்லை என்பதே இதிற் கிடைக்கும் பாடம்.

பயன்கள் யாவை?

இவ்விளையாட்டால் விளையும் முதற் பயன் ஆர்வம். பாடநூலில் ஒரு வரியாக வந்து மறையும் பெயர்கள் சிறுவனின் நினைவில் நிலைத்துவிடுகின்றன. தேசப்படத்தை அவன் தானே தேடிப் பார்க்கிறான். இரண்டாவது, திட்டமிடும் பழக்கம். மூன்றாவது, தோல்விக்குப் பின் தன் பிழையை ஆராயும் பழக்கம். ஆட்டம் முடிந்ததும் யார் எப்போது எவ்வளவு சேர்த்தார் என்பதைப் புள்ளிவிவரமாகக் காட்டும் வசதி பல விளையாட்டுகளில் உள்ளது. அவ்வட்டவணையைப் பார்த்து, தான் எந்த நிமிடத்தில் பின்தங்கினான் என்று கூறும்படி பிள்ளையைக் கேட்டல் நன்று. கணக்குப் பாடத்தில் வரைபடம் படிக்கக் கற்பிக்கும் ஆசிரியருக்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

இவ்வகை விளையாட்டு அறிவுத்திறனை வளர்க்கிறதா என்பதும் ஆராயப்பட்டுள்ளது. 2013-இல் லண்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் உள்ளிட்ட குழுவினர் வெளியிட்ட ஆய்வொன்றில், நிகழ்நேர உத்தி விளையாட்டை 40 மணி நேரம் ஆடியோர் ஒரு வேலையினின்று மற்றொரு வேலைக்குச் சிந்தையை விரைவாக மாற்றும் திறனில் முன்னேறியதாகக் கண்டனர். ஆயினும் அவ்வாய்வில் ஆடப்பட்டது வரலாற்று விளையாட்டன்று, ஆடியோர் சிறுவருமல்லர். ஆதலின் இதைக்கொண்டு, விளையாடும் பிள்ளை தேர்விலும் முன்னேறுவான் என்று பெற்றோருக்கு உறுதி கூறுதல் தகாது.

விளையாட்டு விட்டுவிடுவன

இனி, கவனமாக நோக்க வேண்டிய பகுதிக்கு வருவோம். விளையாட்டு என்பது ஒரு மாதிரியே. பாலம் கட்டும் பொறியாளர் செய்யும் சிறு மாதிரியில் சில அளவுகள் உண்மையோடு பொருந்தும், சில பொருந்தா. எவை பொருந்தும், எவை பொருந்தா என்று தெரிந்தவருக்கே மாதிரியால் பயனுண்டு. வரலாற்று விளையாட்டின் விதிகள் சான்றுகளிலிருந்து மட்டும் பிறந்தவை அல்ல. எத்தரப்பும் எளிதில் வெல்லாதபடி ஆட்டம் சமனாக இருத்தல் வேண்டும் என்னும் நோக்கமும் அவற்றை வகுக்கிறது. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' வடிவமைப்பாளருள் ஒருவரான புரூஸ் ஷெல்லி, பொழுதுபோக்கு விளையாட்டுக்கு ஆழ்ந்த ஆராய்ச்சி வேண்டுவதில்லை, நூலகத்துச் சிறுவர் பகுதியிலுள்ள நூல்களே பெரும்பாலும் போதும் என்ற கருத்தை 2001-இல் வெளியிட்டார். இதில் ஒளிவுமறைவு ஏதுமில்லை. விளையாட்டைப் பாடநூலாகக் கொள்வோரே பிழை செய்கின்றனர்.

வேளாண்மையை எடுத்துக்கொண்டால் இது நன்கு விளங்கும். விளையாட்டில் ஒரு வயலை அமைக்க 60 மரம் செலவாகும். அவ்வளவே, விதை வேண்டாம், எரு வேண்டாம், மழை வேண்டாம். பருவம் என்பதே இல்லை. பூச்சியும் வறட்சியும் வெள்ளமும் எட்டிப் பாரா. குதிரைக் கழுத்து வளையம் என்னும் கருவியைக் கண்டறிந்தால் விளைச்சல் மிகும் என்று விளையாட்டு கூறுகிறது. இது மெய்யான வரலாறே. குதிரையின் தொண்டையை இறுக்கும் வாருக்குப் பதிலாகத் தோளில் பாரம் தாங்கும் வளையம் வழக்கத்துக்கு வந்தபின், ஐரோப்பாவில் குதிரையை ஏரில் பூட்டுவது எளிதாயிற்று. ஆனால் அதே கருவியை விளையாட்டில் அஸ்டெக் மக்களும் பெறுகின்றனர். ஸ்பானியர் வருமுன் அவர்தம் நாட்டில் குதிரையே கிடையாது. எல்லாத் தரப்புக்கும் ஒரே அளவு விளைச்சல் கிடைக்க வேண்டும் என்பதற்காக வரலாறு சற்று ஒதுங்கி நிற்க நேர்ந்தது.

கிராமவாசியின் நிலையையும் நோக்குக. பிறப்பிக்கும்போது 50 உணவு கொடுத்தபின் அவன் மறுபடியும் உண்பதில்லை, உறங்குவதுமில்லை. அவனுக்குக் குழந்தை இல்லை. முதுமையும் நோயும் இல்லை. வரி மிகுந்துவிட்டதென்று முறையிடமாட்டான். முற்காலப் படைகளில் போர்க்காயத்தைவிட நோயினால் மடிந்தோர் மிகுதி என்பது சரித்திரம் அறிந்தோர் அறிவர். விளையாட்டில் அந்நோய்க்கு இடமில்லை. நாள்தோறும் உழவரோடு பழகும் களப் பணியாளர்களுக்கு இக்குறைகள் பளிச்செனத் தெரியும். பயிரும் கால்நடையும் பார்த்து வளர்ந்த கிராமத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் வயலைப் பாராத நகரத்துச் சிறுவனுக்கு எவரேனும் எடுத்துச் சொன்னாலன்றி, உணவு என்பது திரையின் மேல் மூலையில் ஏறும் ஓர் எண்ணாகவே நின்றுவிடும்.

பெயரிடுதலில் எழும் கேள்விகள்

ஒரு பெரிய நாட்டின் பல்வேறு மக்களை ஒரே பெயரால் குறிப்பது விளையாட்டுகளில் இயல்பு. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் பாகத்தில் 2013-இல் நம் நாட்டு மக்கள் சேர்க்கப்பட்டபோது, துணைக்கண்டம் முழுமையும் 'இந்தியர்' என்ற ஒரே தரப்பாயிற்று. 2022-இல் வெளியான கூடுதல் பகுதியில் இது மாற்றப்பட்டு, இந்துஸ்தானியர், வங்காளியர், கூர்ஜரர், திராவிடர் என நான்காகப் பிரிக்கப்பட்டது. இம்மாற்றம் வரவேற்கத்தக்கதே. எனினும் 'திராவிடர்' என்பதையும் ஆராய வேண்டும். மொழிக் குடும்பம் ஒன்றின் பெயராக அச்சொல் பரவியது, 1856-இல் கால்டுவெல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலின் வழியாகும். இடைக்காலக் கல்வெட்டுகளோ சோழர், பாண்டியர், சேரர், ஹொய்சளர் எனத் தனித்தனி அரசுகளையே காட்டுகின்றன. அவர்கள் தமக்குள்ளேயே பலமுறை பொருதனர்.

மற்றொரு சான்று. அமெரிக்கக் குடியேற்றக் காலத்தைக் களமாகக் கொண்ட மூன்றாம் பாகத்தின் புதுப் பதிப்பு 2020-இல் வந்தபோது, அமெரிக்கப் பழங்குடியினரைக் கலந்து சில திருத்தங்கள் செய்யப்பட்டன. பிறர் சூட்டிய 'இராக்குவா', 'சூ' என்னும் பெயர்களுக்கு ஈடாக, அம்மக்கள் தம்மைக் குறிக்கும் 'ஹாடனோஷோனி', 'லக்கோட்டா' என்னும் பெயர்கள் இடப்பட்டன. அவர்கள் சுரங்கம் தோண்டிப் பொன் எடுப்பதாகக் காட்டியதும் நீக்கப்பட்டது. விளையாட்டில் காணும் சரித்திரம் மனிதர் எழுதியது. ஆதலின் திருத்தவும் கூடியது என்பதைப் பிள்ளைகள் உணர்வதற்கு இந்நிகழ்ச்சி உதவும்.

இராசேந்திரன்: ஓர் எடுத்துக்காட்டு

மேற்கூறிய 2022-ஆம் ஆண்டுப் பகுதியில் முதலாம் இராசேந்திர சோழனின் பெயரால் ஒரு தொடர் ஆட்டம் அமைந்துள்ளது. பாபர், தேவபாலர் ஆகியோர் பெயரால் வேறிரண்டு உள்ளன. பிள்ளை இராசேந்திரனின் ஆட்டத்தை ஆடி முடித்தபின் பெற்றோர் அவனோடு பேசத்தக்கவை பல.

இராசேந்திரன் 1014 முதல் ஆட்சி புரிந்தவன். ஏறத்தாழ 1022, 1023-ஆம் ஆண்டுகளில் அவன் படை கங்கைவரை சென்றது. 1025-இல் கடல் கடந்து ஸ்ரீவிஜய அரசைத் தாக்கிற்று. கடாரம் எனப்படுவது இன்றைய மலேசியாவின் கெடாப் பகுதி. தாக்கப்பட்ட இடங்களின் பெயர்களைத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு வரிசையாகக் கூறுகிறது. இதைப் பொறித்தவர் யார்? வென்ற தரப்பினரே. தோற்றவர் கூறுவது என்னவென்று தெரிந்துகொள்ள முடியுமா? படையெடுப்பின் காரணம் யாது? சீனத்தோடு நடைபெற்ற வாணிகத்துக்கு ஏற்பட்ட தடையை நீக்குவதே நோக்கம் என்பர் சிலர். செல்வத்தைக் கவர்ந்து வருவதே நோக்கம் என்பர் வேறு சிலர். விளையாட்டில் காரணம் ஒன்றே. ஆட்டத்தை வெல்ல வேண்டும் என்பது. கங்கைப் படையெடுப்பில் களத்தில் நின்றவர் தண்டநாயகர் என்றும், மன்னன் கோதாவரிக் கரையில் அவர்களை எதிர்கொண்டான் என்றும் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. விளையாட்டிலோ ஒவ்வொரு வீரனையும் ஆடுவோனின் சுட்டியே நடத்துகிறது.

திராவிடருக்கு உரிய ஆராய்ச்சிகளுள் ஒன்றாக விளையாட்டு காட்டுவது வூட்ஸ் எஃகு. இது கற்பனையன்று. இரும்பைக் கரிப்பொருளோடு மண் மூசையில் அடைத்துக் கடுஞ்சூட்டில் உருக்கிச் செய்த உயர்கரி எஃகு தென்னிந்தியாவில் சிறந்து விளங்கிற்று. மைக்கேல் ஃபாரடே 1819-இல் இவ்வெஃகைப் பகுத்தாராய்ந்து கட்டுரை வெளியிட்டார். விளையாட்டில் ஒரு பொத்தானாகத் தோன்றும் பெயரினின்று உலோகவியலுக்கே பிள்ளையை அழைத்துச் செல்லலாம். சுருள்வாள் வீரர் அணியையும் விளையாட்டு காட்டுகிறது. களரிப் பயிற்சியில் இன்றும் காணப்படும் அவ்வாயுதத்தை ஒரு படையணி முழுவதும் ஏந்தி நெருங்கி நின்று போரிட்டால் பக்கத்து வீரனின் கதி என்னவாகும் என்று பிள்ளையையே கேட்கலாம்.

இறுதியாக ஒன்று. கங்கைப் படையெடுப்பின் நினைவாக இராசேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்தில் சோழகங்கம் என்னும் பேரேரியை வெட்டுவித்தான். அதனை நீராலாகிய வெற்றித்தூண் எனச் செப்பேடு போற்றுகிறது. அம்மன்னன் தன் வெற்றிக்கு அடையாளமாகக் கொண்டது ஒரு பாசன ஏரி. விளையாட்டில் ஏரி வெட்டும் வழியே இல்லை; நீர் பாய்ச்சும் கிராமவாசியும் இல்லை. சோழநாடு எதனால் வாழ்ந்ததோ அது ஆட்டத்தின் கணக்கில் வரவில்லை என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடித்துக் கூறும்படி செய்தால், பல பாடங்களால் கிடைக்காத தெளிவு அவனுக்குக் கிடைக்கும்.

'0 ஏ.டி.' ஆடுவோருக்கு மௌரியரைக் கொண்டு இதே முறையைக் கையாளலாம். கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டதாகவும் ஒன்றரை லட்சம் பேர் நாட்டினின்று கொண்டுசெல்லப்பட்டதாகவும் அசோகன் தன் பதின்மூன்றாம் பாறைக் கட்டளையில் பொறித்து, அதற்காக வருந்தவும் செய்தான். வென்ற மன்னனின் வருத்தத்தை எந்த ஆட்டம் எண்ணிக் காட்டும் என்று கேட்க வேண்டும்.

எவ்வயதில் எது தகும்?

பெட்டியின் மீதோ விற்பனைப் பக்கத்திலோ வயதுக் குறி காணப்படும். ஐரோப்பிய முறையில் 3, 7, 12, 16, 18 என்னும் எண்கள் இடப்படுகின்றன. அமெரிக்க முறையில் ஆங்கில எழுத்துகள் இடப்படுகின்றன. அவற்றுள் 'டி' என்பது 13 வயதுக்கு மேற்பட்டோரையும், 'எம்' என்பது 17 வயதுக்கு மேற்பட்டோரையும் குறிக்கும். 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' நான்காம் பாகம் ஐரோப்பிய முறையில் 12, அமெரிக்க முறையில் 'டி' எனக் குறிக்கப்பட்டுள்ளது. இரண்டாம் உலகப் போரைக் காட்டும் 'கம்பெனி ஆஃப் ஹீரோஸ்' 'எம்' குறி பெற்றது. அதில் இரத்தக் காட்சிகளும் கடுஞ்சொற்களும் உள்ளன. இரண்டும் வரலாற்று விளையாட்டுகளே. எனவே 'வரலாறு' என்ற சொல்லை மட்டும் பார்த்து வாங்கித் தருதல் கூடாது.

நேரமும் உடல்நலமும்

'அரை மணி நேரம் மட்டும்' என்று பெற்றோர் விதிப்பதும், அரை மணி முடிந்ததும் மின்சாரத்தை நிறுத்துவதும், பிள்ளை அழுவதும் பல வீடுகளில் நிகழ்வன. இதன் காரணம் விளையாட்டின் அமைப்பிலேயே உள்ளது. தனித்து ஆடும் ஆட்டத்தை எந்த நேரத்திலும் நிறுத்தி, இருந்த நிலையிலேயே சேமித்து, மறுநாள் தொடரலாம். இணையத்தில் பிறரோடு ஆடும் ஆட்டத்தை அவ்வாறு நிறுத்த இயலாது. நடுவில் விலகினால் தோல்வியாகும், கூட்டாளிகளையும் கைவிட்டதாகும். ஓர் ஆட்டம் பெரும்பாலும் அரை மணி முதல் ஒரு மணி வரை நீளும். ஆகவே பள்ளி நாட்களில் தனித்து ஆடும் ஆட்டம் மட்டும் என்றும், விடுமுறை நாளில் பிறரோடு ஓர் ஆட்டம் என்றும், கடிகாரத்தோடு ஆட்டத்தின் அமைப்பையும் கணக்கிற்கொண்டு முன்னதாகவே உடன்பாடு செய்துகொள்வது நன்று.

5 முதல் 17 வயதுவரை உள்ளோர் நாள்தோறும் சராசரி 60 நிமிடமாவது ஓடியாடி உடலை வருத்த வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டல். 6 முதல் 12 வயதினருக்கு 9 மணிக்குக் குறையாத உறக்கமும், அதற்கு மேற்பட்ட வளரிளம் பருவத்தினருக்கு 8 மணிக்குக் குறையாத உறக்கமும் தேவை. இவ்விரண்டும் வீட்டுப்பாடமும் முடிந்தபின் எஞ்சுவதே விளையாட்டுக்கு உரிய நேரம். 20 நிமிடத்திற்கு ஒருமுறை கண்களைத் திரையினின்று விலக்கித் தொலைவில் நோக்குதலும், இரவில் கணினியைப் படுக்கையறைக்கு வெளியே வைத்தலும் நல்ல பழக்கங்கள்.

மிகுதியாக ஆடும் பிள்ளை ஒவ்வொருவரையும் நோயாளி என்று கருதலாகாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பகுப்புப் பட்டியலின் பதினோராம் பதிப்பு 2022-இல் நடைமுறைக்கு வந்தது. அதில் விளையாட்டுச் சார்பு நோய்க்கு மூன்று குறிகள் கூறப்பட்டுள்ளன: ஆடுவதைக் கட்டுப்படுத்த இயலாமை, மற்றெல்லாவற்றுக்கும் மேலாக ஆட்டத்தை வைத்தல், கேடு விளைவது கண்டும் தொடர்தல். இந்நிலை பெரும்பாலும் 12 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். வாழ்க்கையும் வெகுவாகப் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். இத்தகைய பிள்ளைகளுக்காகப் பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம் 2014-இல் தனி மருத்துவப் பிரிவொன்றைத் தொடங்கியது. மத்திய அரசு 2022-இல் தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

அந்நியரும் பணமும்

இணையத்தில் ஆடும்போது அந்நியரோடு எழுத்தாலும் குரலாலும் உரையாட வசதியுண்டு. சிறுவருக்கு அவ்வசதியை விளையாட்டின் அமைப்புப் பகுதியில் நிறுத்திவிடலாம். பெயர், பள்ளி, ஊர், புகைப்படம் ஆகியவற்றை எவருக்கும் தரலாகாது என்பதைப் பிள்ளை முன்னரே அறிந்திருக்க வேண்டும்.

பணத்தைப் பொறுத்தமட்டில் இரு வகை விளையாட்டுகளைப் பிரித்தறிதல் அவசியம். ஒருமுறை விலை கொடுத்து வாங்குவன ஒரு வகை. இவற்றில் கூடுதல் பகுதிகள் தனியே விற்கப்படும். கைபேசியில் இலவசமாகக் கிடைத்து, கோட்டை கட்டி முடியப் பல மணி நேரம் காத்திருக்கச் செய்து, காத்திராமலிருக்கப் பணம் கேட்பன மற்றொரு வகை. பேரரசர் படத்தை முகப்பில் தாங்கியிருப்பினும் பின்னவற்றில் திறமையைவிடப் பணமே முன்நிற்கும். பெற்றோரின் கைபேசியில் கட்டணக் கடவுச்சொல்லைப் பிள்ளை அறியாதிருத்தல் நலம். பணம் கட்டிப் பணம் வெல்லும் இணைய விளையாட்டுகளை மத்திய அரசு 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டில் இயற்றிய சட்டத்தால் தடை செய்துள்ளது. இங்குக் கூறப்படும் உத்தி விளையாட்டுகள் அவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. இவ்வேறுபாட்டைப் பெற்றோருக்கு விளக்கினால் வீண் அச்சமும் வீண் செலவும் நீங்கும்.

ஆசிரியரும் களப் பணியாளரும் செய்யத்தக்கன

பள்ளியில் கணினி இல்லாவிடினும் இதனைப் பாடமாக நடத்தலாம். விளையாட்டின் வயலைக் கரும்பலகையில் வரைந்து, '60 மரம் கொடுத்தால் வயல் தயார். இதில் விடுபட்டது எது?' என்று கேட்க வேண்டும். உழவர் குடும்பத்துப் பிள்ளைகள் உழவு, விதை, நீர், களை, கூலி, கடன், விலை என்று ஒவ்வொன்றாகக் கூறுவர். விளையாட்டை ஆடி வல்லவரான மாணவரும், அதைத் தொட்டே பாராத மாணவரும் இப்பாடத்தில் சமமாகப் பங்கு கொள்வர் என்பது இதன் தனிச் சிறப்பு.

ஆடும் பிள்ளைகள் ஒரு குறிப்பேட்டில் மூன்று பத்திகள் இட்டு எழுதி வரலாம். விளையாட்டு காட்டியது முதற் பத்தி. நூலோ கல்வெட்டோ கூறுவது இரண்டாம் பத்தி. இரண்டும் மாறுபட்டால் காரணம் என்ன என்பது மூன்றாம் பத்தி. வாரத்துக்கு ஒரு பக்கம் போதும். பெற்றோர் கூட்டங்களில் களப் பணியாளர்கள் இம்முறையை எடுத்துரைப்பதோடு, விளையாட்டைப் பற்றித் தமக்கு ஏதும் தெரியாதே என்று தயங்கும் தாய்தந்தையருக்கு ஊக்கமும் அளிக்க வேண்டும். 'இந்தக் கிராமவாசி மறுநாள் என்ன உண்பான்?' என்று கேட்கக் கணினி அறிவு தேவையில்லை. குடும்பம் நடத்தியவர் எவரும் அக்கேள்வியைக் கேட்கலாம். பிள்ளை சிந்தித்து விடை கூறும்வரை பொறுத்திருக்கவும் வேண்டும்.